1925 சிகாகோ கதைக்கு 'ஆசம்' செட் ஆகாது

நண்பரே, 1925 சிகாகோல நடக்குற உங்க கதையில அந்தப் பொண்ணு டிரெஸ்ஸப் பாத்துட்டு 'ஆசம்'னு (awesome, அதாவது 'சூப்பர்'ங்கிற மாதிரி) சொன்னா இடிக்குமான்னு கேட்டிருந்தீங்க, நல்லாவே இடிக்குது. அப்பல்லாம் அதுக்கு பயபக்தியோட மலைக்க வைக்கிறதுன்னுதான் அர்த்தம், சும்மா பாராட்டா ஊரெல்லாம் பரவுனது 1980கள்லதான். 'கூல்' போடலாம்னு வேற யோசிச்சிருக்கீங்க, அதுவும் வேணாம், கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் பேச்சுல இருந்து அது வெளிய பரவுனதே 1940கள் வாக்குலதான். பேசாம 'ஸ்வெல்'னு (swell, 'பிரமாதம்'னு அர்த்தம்) போடுங்க, பொண்ணு கொஞ்சம் துடுக்குன்னா 'பீஸ் நீஸ்' (bee's knees), இதுக்கும் 'பிரமாதம்'னுதான் அர்த்தம், வார்த்தைக்கு வார்த்தை சொன்னா தேனீயோட முட்டி (ஏன் முட்டின்னு கேக்காதீங்க, சும்மா குசும்புதான்), 1920கள்ல அமெரிக்க இளசுங்க வாயில அது நல்லா புழங்குச்சு. ஆனா கதைக்கு ஒரு தடவ போதும், பக்கத்துக்குப் பக்கம் போட்டா மேடை நாடகம் மாதிரி ஆயிடும்.