வீட்டில் ஒரு அறையை ஆபீஸாக்கினால் வரி குறையுமா?

கேள்வி: சென்னையில் உள்ள ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் வருடத்துக்கு 14 லட்சம் ரூபாய். மூன்று வருடங்களாகக் கும்பகோணத்தில் அப்பாவின் வீட்டிலிருந்தே வேலை. ஓர் அறையை ஒழித்து ஏசி, இன்வெர்ட்டர், மேஜை, நாற்காலி என்று 90,000 ரூபாய் போட்டிருக்கிறேன். இன்டர்நெட், கரண்ட் பில் தனி. இதையெல்லாம் வருமான வரியில் கழிக்க முடியுமா? அப்பாவுக்கு வாடகை கொடுத்தால் பலன் உண்டா? தெரிந்த ஒருவர், ஏதாவது ஒரு கழிவில் போட்டு ரீஃபண்ட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: முடியாது. சம்பளக்காரர் தன் கைக்காசைப் போட்டுச் செய்த ஆபீஸ் செலவைக் கழிக்க, கணக்குத் தாக்கல் படிவத்தில் இடமே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. வேலையின் நிபந்தனைப்படி செய்தே ஆகவேண்டிய செலவுகளை ஊழியர் தனித்தனியாகக் காட்டலாம் என்று சட்டம் சொன்னது. 1974-ல் அதை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொதுவாக ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் என்ற நிலையான கழிவைக் கொண்டுவந்தார்கள். கழிவுகளும் குறைவு, வரி விகிதமும் குறைவு என்ற புதிய வரி முறையில் இப்போது அது 75,000 ரூபாய். உங்கள் நாற்காலி, ஏசி எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதுதான் அரசின் கணக்கு. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்குத் தனிக் கழிவு வரும் என்று பட்ஜெட்டுக்கு பட்ஜெட் பேச்சு அடிபட்டது. வரவில்லை.

வாடகை விஷயத்துக்கு வருவோம். அப்பாவின் பெயரில் வீடு இருந்து, நீங்கள் உண்மையிலேயே வங்கி வழியாக வாடகை கொடுத்து, அவரும் அதைத் தன் வருமானத்தில் காட்டினால், சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படிக்கு (ஹெச்ஆர்ஏ) விலக்கு கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த விலக்கின் வரம்பைக் கணக்கிடும்போது ஆபீஸ் எங்கே என்று பார்க்க மாட்டார்கள், வாடகை வீடு எங்கே என்றுதான் பார்ப்பார்கள். சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 50%, கும்பகோணத்தில் 40%. அதோடு, இந்த விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான்.

அங்கேதான் சிக்கல். 2025-26 நிதியாண்டுக்கு, 14 லட்சம் சம்பளத்துக்குப் புதிய முறையில் உங்கள் வரி, செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 81,900 ரூபாய். பழைய முறையில் இதே அளவுக்கு இறங்க வேண்டுமென்றால், நிலையான கழிவு 50,000 போக இன்னும் சுமார் 5.19 லட்சத்துக்குக் கழிவுகள் வேண்டும். பி.எஃப், இன்சூரன்ஸ் போன்ற சேமிப்புகளுக்கான 80சி கழிவில் முழுதாக 1.5 லட்சம் போட்டாலும், மிச்சம் 3.69 லட்சத்தை வாடகையும் மற்றவையும் ஈடுகட்ட வேண்டும். கும்பகோணத்து வாடகைக்கு அது நடக்கிற காரியமா? வாடகைக்காக மட்டும் பழைய முறைக்குப் போகாதீர்கள்.

உங்களுக்கு ஏதாவது மிச்சமாகும் என்றால் அது கம்பெனி ஹெச்ஆர் மூலமாகத்தான். ஒரே செலவை நீங்கள் செய்வதற்கும் கம்பெனி செய்வதற்கும் வரியில் நிறைய வித்தியாசம் உண்டு. "வீட்டு ஆபீஸ் படி" என்று 30,000 ரூபாயைச் சம்பளத்தோடு போட்டுவிட்டால் முழுக்க வரி. உங்கள் வருமானத்துக்கான வரி விகிதம் செஸ் சேர்த்து 15.6%, அதாவது 4,680 ரூபாய் போய்விடும். கம்பெனியே 24,000 ரூபாய்க்கு நாற்காலி வாங்கித் தன் சொத்தாக வைத்துக்கொண்டு உங்களிடம் கொடுத்தால், அதை உங்களுக்குக் கிடைத்த சலுகையாகவே எடுத்துக்கொண்டாலும் வருடத்துக்கு விலையில் 10%, அதாவது 2,400 ரூபாய்தான் வருமானத்தில் சேரும். அதற்கு வரி 375 ரூபாய்கூட வராது. லேப்டாப், கம்ப்யூட்டர் என்றால் அதுவும் இல்லை.

போன் பில்லைக் கம்பெனி ஏற்றால் அதற்கு வரி கிடையாது, புதிய முறையிலும்தான். விதியில் தொலைபேசி, மொபைல் என்றுதான் இருக்கிறது. பிராட்பேண்டையும் பல கம்பெனிகள் இதோடு சேர்த்துப் பில் பார்த்துத் திருப்பித் தருகின்றன. மாதம் 2,000 ரூபாயை ஸ்பெஷல் அலவன்ஸிலிருந்து இந்தக் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், வருடத்துக்கு 3,744 ரூபாய் மிஞ்சும். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், அப்பா பெயரில் வேண்டாம். கரண்ட் பில்லைக் கேட்டுப் பயனில்லை. வீட்டு மின்சாரத்தைக் கம்பெனி கட்டினால் அதுவும் சம்பளத்தோடு சேர்ந்துவிடும்.

சம்பளத்துக்கு வெளியே ஃப்ரீலான்ஸ் வருமானம் ஏதாவது இருக்கிறதா? அதை உங்கள் கேள்வியில் சொல்லவில்லை. இருந்தால் கதை வேறு. அந்த வருமானத்துக்கு எதிராக இன்டர்நெட், மின்சாரம், மேஜை, நாற்காலித் தேய்மானம் ஆகியவற்றை, அந்த வேலைக்குப் பயன்பட்ட அளவுக்குக் கழிக்கலாம். சம்பள வேலைக்கு ஆன பங்கை அதில் நுழைக்கக் கூடாது.

அப்புறம், அந்த ரீஃபண்ட் ஆசாமி. 2025 ஜூலையில் இப்படிப் பொய்க் கழிவு போட்டுத் தந்தவர்களைத் தேடி நாடு முழுக்க சுமார் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது, தமிழ்நாடும் அதில் உண்டு. வருமானத்தைத் தவறாகக் காட்டியது என்று முடிவானால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. அவர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நோட்டீஸ் உங்கள் பான் எண்ணுக்குத்தான் வரும்.