பேஸ்பாலில் மூன்று வலுவான அணிகளைக் கோத்து பார்லே போட்டால் லாபமா?

அமெரிக்க மேஜர் லீக்கைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? பார்லே என்றால் பல பந்தயங்களை ஒரே சீட்டில் கோப்பது; எல்லாம் ஜெயித்தால்தான் பணம். தொடர்ந்து ஆடினால் லாபம் நிற்காது. மூன்று அணிக்கும் தலா 60 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். மூன்றும் ஜெயிக்க 21.6 சதவீதம்தான். ஒன்று சறுக்கினாலும் கட்டிய பணம் மொத்தமும் போச்சு. 162 ஆட்ட சீசனில் நல்ல அணியே அறுபது தடவை போலத் தோற்கும்.

அப்புறம் கமிஷன். சரிசமமான ஆட்டத்தில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்டச் சொல்வார்கள். அதில் பந்தய நிறுவனத்தின் பங்கு சுமார் 4.5 சதவீதம். அப்படி மூன்றைக் கோத்தால் 13 சதவீதம் ஆகிவிடும். பார்லேவை அவர்கள் ஏன் இவ்வளவு விளம்பரம் செய்கிறார்கள் என்று இப்போது புரியும்.

சரி, ஆசைக்குத்தான் என்றால் சின்னத் தொகையில், இரண்டு ஆட்டத்தோடு நிறுத்துங்கள். தொடக்க பிட்சர் யார் என்று உறுதியான பிறகு போடுங்கள். அணியின் பேரைவிட அன்று பந்து போடுபவர் முக்கியம். 1.5 ரன் லைனில், அதாவது குறைந்தது இரண்டு ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டிய பந்தயத்தில், உள்ளூர் அணியை எடுக்கும்போது கவனம்: ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பாதி முடியும்போது முன்னிலையில் இருந்தால் அவர்கள் மறுபடி பேட் பிடிக்கவே மாட்டார்கள். ஒரு ரன் முன்னிலை இரண்டாக வழியே இல்லை, உங்கள் சீட்டு காலி.

ஒரே ஆட்டத்துக்குள் கோக்கும் பார்லேயில், ஒன்றோடொன்று தொடர்புள்ள பந்தயங்களுக்குக் கொடுக்கும் தொகையை முன்கூட்டியே குறைத்துத்தான் வைத்திருப்பார்கள்.