விமானம் கிளம்பும் முன்பே தரையை விட்டவர்கள்

கேள்வி: என் உயரம் 4 அடி 9 அங்குலம். மகளைப் பார்க்க சென்னை வழியாக சிங்கப்பூர் போகிறேன். போன தடவை கால் தொங்கித் தொங்கி மரத்தே போய்விட்டது. கூடுதல் பணம் கட்டி, கால் நீட்ட இடமுள்ள முதல் வரிசையை வாங்கிவிடட்டுமா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: வேண்டாம். அந்தப் பணத்துக்கு மகளுக்குத் தட்டுவடை வாங்கிப் போங்கள். உங்கள் காலுக்கு முன்னால் இடம் தாராளமாக இருக்கிறது; கீழேதான் தரை இல்லை. முதல் வரிசையில் இன்னொரு சங்கடம்: முன்னால் சீட் கிடையாது என்பதால், விமானம் மேலே ஏறும்போதும் தரையிறங்கும்போதும் கைப்பையை மேல்தட்டில் ஏற்றச் சொல்வார்கள். கால் வைக்க இருந்த ஒரே முக்காலியும் போச்சு.

விமான சீட் பெரும்பாலும் தரையிலிருந்து 17, 18 அங்குல உயரம். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, பயணத்துக்குப் போடும் செருப்போடு, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். 14 வந்தால், 4 அங்குலம் பள்ளம். பாதம் ஊன்றாததால் சீட்டின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்துகிறது. ரத்தம் மேலே திரும்புவது மந்தமாகிறது. இறங்கும்போது செருப்பு காலில் ஏற மறுப்பது அதனால்தான்.

பள்ளத்தை நிரப்ப மெத்தென்ற துணிப்பை போதும். சால்வை, ஸ்வெட்டரை மடித்து 6 அங்குலத்துக்கு அடுக்குங்கள். கால் வைத்தால் 4 ஆக அமுங்கிவிடும். காற்றடைத்த திண்டு என்றால் முக்கால் பங்குதான் ஊத வேண்டும். மேலே போனால் கேபினில் காற்றழுத்தம் குறையும், திண்டு தானாகவே உப்பும். சாப்பாட்டுத் தட்டில் மாட்டும் கால் ஊஞ்சலைப் பல விமானங்களில் அனுமதிப்பதில்லை. எதுவானாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் முன்சீட்டுக்கு அடியில் முழுதாகத் தள்ளிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்று, 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலில் ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடுகிறது என்றும், 160 செ.மீ.க்குக் குறைந்தவர்களுக்கு அது இன்னும் கூடுதல் என்றும் கண்டது. பயப்படும் அளவு இல்லை. ஆனாலும் மணிக்கொரு தடவை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: மேலே பெட்டி வைக்க சீட்டின் கைப்பிடி மேல் ஏறலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கூடாது. பல கைப்பிடிகள் மடங்குபவை. சீட் மெத்தையும் வழுக்கும், வெறும் ஒட்டுப்பட்டையில்தான் நிற்கிறது. கனமான சாமானைச் செக்-இன்னில் போட்டுவிட்டு, சீட்டுக்கு அடியில் போகும் பையோடு ஏறுவதே புத்திசாலித்தனம். மேலே வைத்தே ஆக வேண்டுமென்றால் பையின் பிடி வெளிப்பக்கம் பார்த்திருக்கட்டும். இல்லையென்றால் பை உள்ளே நழுவி, இறங்கும்போது கைக்கும் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வரும் ஏ.டி.ஆர். 72 என்ற சின்ன விமானம் உங்களுக்கென்றே செய்ததுபோல் இருக்கும்: கேபின் உயரமே 191 செ.மீ.தான், மேல்தட்டு கைக்கெட்டும். அங்கே தலையைத் தடவிக்கொண்டு வருபவர்கள் நெட்டையர்கள். ஆனால் அந்தத் தட்டு சின்னது, பெரிய டிராலி நுழையாது.

கேள்வி: சீட்டின் தலைப்பகுதி என் தலையை முன்னால் தள்ளுகிறது. தூங்க முடியவில்லை.
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: அந்த வளைவு உயரமானவரின் கழுத்துக்கு அமைத்தது, உங்களுக்குப் பின்மண்டையில் இடிக்கிறது. இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பாருங்கள், பல விமானங்களில் இறங்கும். இறங்காவிட்டால் ஒரு துண்டை நாலாக மடித்து இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே முதுகில் வையுங்கள். உடம்பு முன்னால் வந்தால் தலை நேராகிவிடும். கழுத்துத் தலையணையைத் திருப்பி, தாடைக்குக் கீழே போடுங்கள்.

கேள்வி: ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் எனக்கு எட்டுமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: எட்டும். உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு முன்னால் தொங்கும்படிதான் கயிறு வைத்திருக்கிறார்கள். எட்டினாலும் எட்டாவிட்டாலும் அதைப் பிடித்து இழுத்தே ஆக வேண்டும். இழுத்தால்தான் காற்று வரும். உங்களுக்கு எட்டாதது தலைக்கு மேலுள்ள ஏ.சி. காற்றுத் திருகுதான். அதற்குப் பக்கத்து சீட்காரர் இருக்கிறார்.