டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் ஏற்கனவே இருக்கிறதே, தனியாக ஒரு கேஜ் எதற்கு?

தனி கேஜ் என்பது கம்பெனி கொடுத்த மீட்டர் போதாது என்று நாமே வாங்கி மாட்டும் அளவுமானி, அவ்வளவுதான். ஏன் போதாது? மாஸ்டா மியாட்டா என்ற ஜப்பான் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990 மாடலில் நிஜமான ஆயில் பிரஷர் முள் இருந்தது. 1995 மாடலிலும் முள் இருந்தது, ஆனால் அதன் பின்னால் இருந்தது வெறும் சுவிட்ச். கொஞ்சம் அழுத்தம் வந்தாலே நடுவில் போய் நின்றுகொள்ளும், அப்புறம் அழுத்தம் கூடினாலும் பாதியாகக் குறைந்தாலும் அசையாது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி காலியானால் மட்டும் எரிகிற விளக்குக்கும், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியே காட்டும் கண்ணாடிக் குழாய்க்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

கேஜுக்கு அழுத்தத்தை அளந்து சொல்லும் சென்சாரை எஞ்சினில் முறுக்கி மாட்ட வேண்டும், பலர் சறுக்குவது அதன் மரையில் (திரெட்). அந்த ஜப்பான் எஞ்சினின் ஓட்டையில் அங்குலத்துக்கு 28 மரை, அமெரிக்க சென்சாரில் 27. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பலவந்தமாக முறுக்கினால் ஒழுகும். இரண்டையும் இணைக்கும் அடாப்டர் வாங்கிவிடுங்கள். சென்சாருக்குத் தனி எர்த் ஒயர் இல்லையென்றால் மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கும், மின்சாரம் கடத்தாத டெஃப்ளான் டேப்பை மரையில் சுற்றோ சுற்றென்று சுற்றினால் முள் உளற ஆரம்பிக்கும்.

புது கேஜ் மாட்டியவுடன், சிக்னலில் நிற்கும்போது முள் இறங்குகிறது, ஆயில் பம்ப் போச்சு என்று பயப்படுகிறார்கள். அது இயல்புதான்: சூட்டில் ஆயில் இளகும், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். ஆக்சிலரேட்டரை மிதித்தும் முள் ஏறவில்லை என்றால்தான் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும்.