பென்சிலுக்கு முன்னால் விரல்கள்: மழலையர் கைவேலை கேள்வி பதில்

என் மகனுக்கு 4 வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். தினமும் இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்கிறார்கள். நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று அழுகிறான். பென்சிலை முஷ்டியால் பிடிக்கிறான். திருத்துவது எப்படி?
– ஒரு தாய், அரூர்

அவன் சாக்குச் சொல்லவில்லை, கை உண்மையாகவே வலிக்கிறது. மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு முடியப் பத்து வயதை ஒட்டி ஆகிவிடும். அந்தக் கைக்கு தினம் இரண்டு பக்கம் அதிகம். ஆசிரியையைப் பார்த்து, இரண்டு வரி போதும் என்று கேளுங்கள். இதில் தயக்கமே வேண்டாம்.

வீட்டில் கொஞ்ச நாளைக்குப் பென்சிலை எடுத்து வைத்துவிடுங்கள். மெழுகு கிரேயானை 3 செ.மீ. துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். துண்டு குட்டையாக இருந்தால் முஷ்டிக்குள் அடங்காது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் தாமாக வந்து சேரும். தாளை மேசையில் வைக்காமல் சுவரில் அவன் கண் உயரத்துக்கு ஒட்டுங்கள். சுவரில் வரையும்போது மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி மடிந்து நிற்கும், தோளும் சேர்ந்து வேலை செய்யும். எழுதும்போது மணிக்கட்டு நிற்க வேண்டிய நிலையும் அதுதான். ஈரத் துணி பிழிவது, துணிக் கிளிப்பால் பஞ்சுருண்டையை எடுத்துக் கிண்ணத்தில் போடுவது, மொச்சை உரிப்பது எல்லாமே விரலுக்குப் பயிற்சி. மொச்சை உரிக்க உட்காரும்போது பத்துக் காயை அவன் பக்கம் தள்ளுங்கள்.

எழுத்தை அறிமுகம் செய்ய, உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டிய அட்டை இருக்கிறது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வகுத்த முறை இது. அவரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். ஹார்டுவேர் கடையில் 120 எண் உப்புத்தாள் கேளுங்கள். 60 எண் தோலைக் கீறும். 220க்கு மேல் போனால் விரலுக்கு உறைக்காது. எழுத்தின் உயரம் 10 செ.மீ., கோட்டின் அகலம் 1 செ.மீ. தாளின் பின்பக்கம் வரைந்து வெட்டுவதால், கண்ணாடியில் தெரிவதைப்போல எழுத்தைத் திருப்பி வரைய வேண்டும். பலர் சறுக்கும் இடம் இது. ‘ப’ எப்படி வெட்டினாலும் தப்பித்துவிடும், ‘ட’ திரும்பிக்கொள்ளும். பழைய கத்திரியால் வெட்டி, ஃபெவிகால் தடவி, கெட்டி அட்டையில் ஒட்டி, ஓர் இரவு முழுக்கப் புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். அவசரப்பட்டால் ஓரம் கிளம்பிவிடும். எழுதத் தொடங்கும் இடத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று வையுங்கள்.

குழந்தைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே இருந்தால் நீங்கள் காட்டும் திசை அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டாலும் தடவியபடி ஒலியைச் சொல்ல வேண்டும். ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள் முதலில். இ, ஞ போன்ற சுழிகள் கடைசியில். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்துக்கு மேல் வேண்டாம். அது பழகியதும் தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதவிடலாம். மணல் அரை செ.மீ. கனத்துக்கு மேல் போனால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும்.

அங்கன்வாடியில் விளையாட்டுக் களிமண்ணுக்குப் பதிலாகக் கேழ்வரகு மாவைப் பிசைந்து கொடுத்தோம். உருட்டினால் உதிர்கிறது. என்ன காரணம்?
– ஓர் அங்கன்வாடிப் பணியாளர், பென்னாகரம்

கோதுமையில் உள்ள, இழுத்தால் நீளும் புரதம் கேழ்வரகில் கிடையாது. பச்சைத் தண்ணீரில் எவ்வளவு பிசைந்தாலும் பிடிக்காது. களி கிண்டும் ஊர்க்காரர்களுக்கு வழி தெரியும்: கொதிநீரில் மாவு வேகும்போதுதான் பசை வரும்.

கேழ்வரகு மாவு 1 கப், மைதா அரை கப் எடுத்துக் கலந்து வையுங்கள். 1 கப் தண்ணீரில் அரை கப் தூள் உப்பும் ஒரு தேக்கரண்டி எண்ணெயும் போட்டுக் கொதிக்க வையுங்கள். அடுப்பை அணைத்து, கால் கப் நீரைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் மாவைக் கொட்டிக் கிளறி, 10 நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். விரிசல் விட்டால் எடுத்து வைத்த நீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கலாம். கையில் ஒட்டினால் மைதா தூவலாம். கல் உப்பு வேண்டாம், கரையாமல் நறநறக்கும்.

மூடிய டப்பாவில் மூன்று நாள் இருக்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். இது களி உருண்டை மாதிரியே இருப்பதால் சிறுசுகள் வாயில் வைக்கும். இவ்வளவு உப்பு அவர்கள் உடம்புக்கு ஆபத்து. சாப்பாடு முடிந்த பிறகு மட்டும் கொடுங்கள், பக்கத்திலேயே ஒருவர் இருங்கள். விரலில் வெட்டுக்காயம் இருக்கும் குழந்தைக்கு எரியும். அன்றைக்கு அதற்கு வேறு வேலை கொடுங்கள்.

செய்து காட்ட மாதிரி பொம்மை வைக்காதீர்கள். வைத்தால் எல்லாக் குழந்தைகளும் அதையே செய்யப் பார்க்கும்; வராவிட்டால் உங்களிடம் நீட்டும்.

பேத்தி யு.கே.ஜி. 1 முதல் 50 வரை கடகடவென்று சொல்கிறாள். 7 புளியங்கொட்டை எடுத்துக் கொடு என்றால் கைநிறைய அள்ளுகிறாள்.
– ஒரு தாத்தா, காவேரிப்பட்டணம்

சொல்வது பாட்டு, எண்ணுவது வேறு. எண்ணும்போது கொட்டையைத் தொட்டால் போதாது, ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லுங்கள். தொட்டதையே மறுபடி தொடும் தவறு நின்றுவிடும். எண்ணி முடித்ததும் “மொத்தம் எத்தனை கண்ணு?” என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். கண்டிக்க வேண்டாம், விளையாட்டிலேயே வந்துவிடும்.

30 முட்டை அட்டையில் 5 குழி கொண்ட இரண்டு வரிசையை ஆளுக்கு ஒன்றாக வெட்டி எடுங்கள். தாயம் விளையாடச் செய்வதுபோல 4 புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியக் கல்லில் தேய்த்துக்கொள்ளுங்கள். இருவரும் மாறி மாறி உருட்டி, எத்தனை வெள்ளை விழுந்ததோ அத்தனை கொட்டையைத் தத்தம் அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும். முதலில் 10 நிரப்பியவர் கெலித்தார். வெள்ளையே விழாவிட்டால் பூஜ்யம். ஒன்றும் போட முடியாதபோது பூஜ்யம் என்றால் என்னவென்று புரியும். மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு இருந்தால் 7 என்று எண்ணாமலே சொல்லும் நாள் சீக்கிரம் வரும். பல்லாங்குழிக்கு 14 குழி. அதை அடுத்த வருஷம் எடுக்கலாம்.

பட்டுப்புழு வளர்க்கிறோம். விலைபோகாத கூடுகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
– ஒரு விவசாயி, பாலக்கோடு

கொடுக்கலாம், விரல் பொம்மைக்கு அருமையான பொருள். ஆனால் வளர்ப்பு மனைத் தரையில் கிடப்பதைப் பொறுக்காதீர்கள். அங்கே பிளீச்சிங் பவுடரும் கிருமிநாசினியும் பட்டிருக்கும். கறை, வாடை இல்லாத கூட்டின் ஒரு முனையைப் பெரியவர் பிளேடால் அறுத்து, புழுவை எடுத்துவிட்டு, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். கெட்டியான போஸ்டர் கலர் பூசுங்கள். நீர்த்த வண்ணம் கூட்டின் பசையை இளக்கி நசுக்கிவிடும்.

விதைகளை வைத்துப் படம் ஒட்டச் சொல்கிறார்கள். எதைக் கொடுக்கக் கூடாது?
– ஒரு பாட்டி, தேன்கனிக்கோட்டை

குன்றிமணி, ஆமணக்கு, அரளி மூன்றும் கூடவே கூடாது. மூன்றும் கடும் விஷம். பார்க்க அழகாக இருப்பதால் குன்றிமணியைத்தான் முதலில் எடுப்பார்கள். விதைப்புக்கு வாங்கி மிஞ்சிய, சாயமேறிய விதையும் வேண்டாம். அது மருந்து கலந்து நேர்த்தி செய்தது. மளிகைக் கடைப் பயறு, கொள்ளு, அவரை போதும்.

வீட்டில் 3 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், 32 மி.மீ. வளையத்துக்குள் நுழையும் எதுவும் அதன் கைக்கு எட்டக் கூடாது. புளியங்கொட்டையும் அந்தக் கணக்கில்தான் வரும். எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி வையுங்கள். மூக்கிலோ காதிலோ பயறு போய்விட்டால் ஊசி, குச்சி விட்டு நோண்டாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள். ஈரம் பட்டால் பயறு ஊறிப் பெருத்து இறுகும். உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.