தோட்டத்தை விற்காதீர்கள்; மகள் தீவனம் படிக்கட்டும்

தாராபுரம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

மகள் இரண்டாம் முறையும் நீட் எழுதி, அரசு எம்.பி.பி.எஸ். இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. கால்நடை மருத்துவத் தரவரிசையில் நல்ல இடத்தில் இருக்கிறாள். தாய்மாமன் இரண்டு ஏக்கர் தோட்டத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கச் சொல்கிறார். பெரியப்பா வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார். நீங்கள் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் இந்த நேரத்தில் உங்களுக்குத் தேவை ஆறுதல் இல்லை, கணக்கு.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. விடுதி, சாப்பாடு, இதர கட்டணம் எல்லாம் சேர்த்தால் படிப்பு முடிவதற்குள் ஒரு கோடி. அதோடு முடியாது, மேற்படிப்புக்கு மறுபடி ஒரு நீட், மறுபடி ஒரு கட்டணம். வெளிநாட்டில் படித்து வருபவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வில் நான்கில் ஒருவர்கூடத் தேறாத தடவைகள் பல உண்டு. தோட்டம் போனது போனதுதான். அதை விற்கச் சொல்பவர்கள் யாரும் கடன் பத்திரத்தில் கூடவே கையெழுத்துப் போடப்போவதில்லை. எனவே தோட்டப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் ஏழு கல்லூரிகள், ஏழும் அரசினுடையவை. ஒன்று உடுமலைப்பேட்டையில், உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். மாநில ஒதுக்கீடு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து. பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. நிகர்நிலையில் ஓராண்டுக்குக் கேட்கும் பணத்தில் இந்த ஐந்தரை ஆண்டையும் முடித்துவிடலாம், அப்புறமும் மிஞ்சும்.

"மாட்டு டாக்டரா?" என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அரசு மருந்தகம், செல்லப்பிராணி கிளினிக், வங்கி அதிகாரி வேலை எல்லாம் ஊருக்கே தெரிந்த வழிகள், அவற்றை நான் விளக்கப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: "புத்தகத்தைத் திறக்காமல், கொரங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) ஆடு எதை முதலில் கடிக்கிறது, எதை விடுகிறது என்று நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்." ஐயா, அது பொழுதுபோக்கு இல்லை. கால்நடை உணவியல் என்று ஒரு துறை இருக்கிறது. ஆடுமாடு எவ்வளவு தின்கிறது, ஏன் நிறுத்துகிறது, தின்றதில் எவ்வளவு உடம்பில் ஒட்டுகிறது என்பதுதான் அங்கே பாடம். பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது என்பது மாடு வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கும் என்று விவரமாகச் சொல்கிறேன். மகளும் கூட உட்கார்ந்து படிக்கட்டும்.

அடிப்படைச் சோதனை செரிமானச் சோதனை. 20 கிலோ எடையுள்ள மேச்சேரி இனச் செம்மறிக் கிடா ஒன்றைக் கூண்டில் நிறுத்துகிறார்கள். கிடாதான் வசதி, பெட்டையில் மூத்திரமும் புழுக்கையும் கலந்துவிடும். முதல் இரண்டு மூன்று வாரம் தீவனத்துக்கும் கூண்டுக்கும் பழக்கம். அதன் பிறகு ஆறேழு நாள் அளவெடுப்பு. ஈரத்தைக் கழித்து உலர்பொருளாக 800 கிராம் வைத்து, மறுநாள் காலை 100 கிராம் மிச்சம் இருந்தால், தின்றது 700. ஆட்டின் எடையில் மூன்றரை சதவீதம், சரியான அளவு. புழுக்கையை உலர்த்தி நிறுத்தால் 280 கிராம். 700-இல் 280 போக 420, அதாவது செரிமானத்திறன் 60 சதவீதம்.

கேட்க எளிது. கெட்டுப்போவது வேறு இடங்களில். ஆடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை விட்டுவைக்கும்; மிச்சத்தைத் தனியாகப் பரிசோதிக்காமல், வைத்ததும் மிஞ்சியதும் ஒரே சரக்கு என்று எண்ணிக் கணக்குப் போட்டால் புரதக் கணக்கு தப்பாகும். மூத்திரம் பிடிக்கும் பாத்திரத்தில் முன்கூட்டியே நீர்த்த கந்தக அமிலம் ஊற்றி வைக்க வேண்டும். மறந்தால் தின்ற புரதத்திலிருந்து வந்த நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும், பறந்ததெல்லாம் ஆட்டின் உடம்பில் சேர்ந்ததாகக் கணக்குக் காட்டும். ஆடு வளர்ந்திருக்காது, அட்டவணையில் மட்டும் வளர்ந்திருக்கும். எடை பார்ப்பது தினமும் ஒரே நேரத்தில், தீவனமும் தண்ணீரும் காட்டுவதற்கு முன். வயிற்றில் கிடக்கும் சரக்கே உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும் என்பதால், தண்ணீர் குடித்தபின் நிறுத்தால் ஒரு வார வளர்ச்சி ஒரு நிமிடத்தில் வந்துவிடும்.

அடுத்தது நைலான் பை. மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால், பெருவயிற்றுக்கு (இரைப்பையின் முதல், பெரிய அறைக்கு) நேராக அறுவை செய்து, மூடி போட்ட ரப்பர் குழாய் ஒன்றைப் பொருத்துகிறார்கள். நன்றாகப் பராமரித்தால் அந்த மாடு பல ஆண்டு சாதாரணமாகத் தின்று வாழும். சோதிக்க வேண்டிய தீவனத்தை 2 மி.மீ. சல்லடையில் அரைத்து, 5 கிராம் அளவில், சுமார் 50 மைக்ரான் துளையுள்ள பைகளில் கட்டி உள்ளே விடுவார்கள். 4, 8, 16, 24, 48, 72 மணி நேரத்தில் ஒவ்வொரு தொகுதியாக எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, உலர்த்தி நிறுப்பார்கள். எந்தத் தீவனம் எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்பது கோடாக வந்துவிடும். ஓர்ஸ்கோவ், மெக்டொனால்டு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1979-இல் கொடுத்த சமன்பாடுதான் இன்றும் அந்தக் கோட்டுக்குப் பொருத்தப்படுகிறது. தீவனத்தை மாவாக அரைத்துவிட்டால் செரிக்காமலே துளை வழியே வெளியேறிவிடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் வயிற்றுக்குள் போகாமல் அலச மட்டும் செய்யும் பூஜ்ய மணிப் பை. அதைச் சேர்க்காமல் செய்த சோதனையைக் கூசாமல் குப்பையில் போடலாம்.

பெருவயிற்று நீரை வெளியே எடுத்தும் சோதிக்கலாம். காலைத் தீவனத்துக்கு முன் எடுத்து, சூடேற்றிய ஃபிளாஸ்க்கில் ஊற்றி, நான்கு மடிப்பு மஸ்லின் துணியில் வடிகட்டி, கரியமில வாயுவைச் செலுத்திக்கொண்டே கண்ணாடி ஊசிக்குழலில் 200 மில்லிகிராம் தீவனத்தோடு சேர்த்து 39 டிகிரியில் வைப்பார்கள். 24 மணி நேரத்தில் எத்தனை மில்லி வாயு வந்தது என்பதே அளவு. காற்றுப் பட்டால் நுண்ணுயிர் சாகும், ஆறினாலும் சாகும். மாட்டுக் கொட்டகையிலிருந்து ஆய்வகத்துக்கு நடக்கிற நேரத்தில் தோற்றுப்போன சோதனைகள் ஏராளம்.

இனி மகளுடைய நோட்டுக்கு வருவோம். கூண்டில் உள்ள ஆட்டுக்கு அளவெடுப்பது சுலபம். மேய்கிற ஆடு எவ்வளவு தின்றது என்று எப்படிச் சொல்வது? ஆட்டின் பின்னால் பை கட்டிப் புழுக்கையைச் சேகரித்து, செரிக்காத பங்கால் வகுப்பார்கள். 280 கிராம் புழுக்கை, செரிமானம் 60 சதவீதம் என்றால் தின்றது 700. அதே செரிமானத்தை 65 என்று தப்பாக எடுத்தால் 800 வரும்! ஐந்து புள்ளி பிசகினால் 100 கிராம் பிசகு. அந்த 60 என்ற எண் எங்கிருந்து வருகிறது? ஆடு கடித்த அதே இலையை, அதே காயை, ஆட்டின் பக்கத்திலேயே நடந்து கையால் பறித்துச் சோதித்தால்தான் வரும். காட்டில் அரிவாளால் ஒரு கட்டு அறுத்து வந்தால் வராது, ஆடு அப்படித் தின்பதில்லை. கொழுக்கட்டைப் புல்லில் எந்தப் பருவத்தில் எதைக் கடிக்கிறது, வெள்வேலங்காய் உதிரும் மாதத்தில் புல்லை எவ்வளவு விடுகிறது என்று பார்க்கத் தெரிந்த கண் இதற்கு வேண்டும். ஆய்வகத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கப் பேராசிரியர்கள் படாதபாடு படுகிறார்கள். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது.

பயன் என்ன என்று கேட்பீர்கள். கோடையில் சோளத்தட்டு மட்டும் போட்டால் மாடு அரை வயிற்றோடு நின்றுவிடும். ருசியில்லை என்று நினைக்கிறோம். காரணம் வேறு. தீவனத்தில் புரதம் ஏழு சதவீதத்துக்குக் கீழே போனால் பெருவயிற்று நுண்ணுயிருக்கே சாப்பாடு இல்லை, தட்டு சிதையாமல் உள்ளேயே கிடக்கும். துணுக்குகள் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நொறுங்கினால்தான் அடுத்த அறைக்குப் பெரும்பாலும் நகரும். நகராவிட்டால் இடமில்லை, இடமில்லாவிட்டால் தின்னாது. கொஞ்சம் கடலைக்கொடியோ அகத்தியோ சேர்த்தால் அதே மாடு தட்டையும் கூடுதலாகத் தின்னும். இதற்கு நேர்மாறு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நடப்பது. ஆசையாக ஊட்டிய பொங்கச்சோறு அளவு மீறினால் வயிற்றில் அமிலம் பெருகி, கார அமில அளவு (pH) ஐந்தரைக்குக் கீழே இறங்கி, மாடு படுத்துவிடும்.

சவுண்டல் (சூபாபுல்) இலை கதையும் உண்டு. அதிலுள்ள மிமோசின் என்ற நஞ்சு ஆஸ்திரேலிய மாடுகளைக் கெடுத்தது. ஹவாய் ஆடுகள் மட்டும் அதைத் தின்றும் நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அதைக் கவனித்துப் பின்தொடர, அந்த ஆடுகளின் வயிற்றில் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர் இருப்பது தெரிந்தது. 1980-களில் அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு மாற்றினார்கள். இன்று அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயர். எந்த ஆடு எதைத் தின்றும் சாகவில்லை என்று கவனித்ததில் தொடங்கியது அது.

வேலை? முதுநிலை இரண்டு ஆண்டு போதும். கலப்புத்தீவன ஆலைகளிலும், தாது உப்புக் கலவை தயாரிக்கும் நிறுவனங்களிலும், பால் ஒன்றியங்களிலும் தீவனக் கலவையை வகுத்துக் கொடுப்பவராகப் போகலாம். இன்னொரு மூன்று ஆண்டு முனைவர் பட்டம் முடித்தால் பல்கலைக்கழகம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்கள். பெங்களூரு ஆடுகோடியில் தேசியக் கால்நடை உணவியல் உடலியங்கியல் நிறுவனம் 1995 முதல் இயங்குகிறது. மாட்டின் மீத்தேனைக் குறைக்கும் 'ஹரித் தாரா' கலவை அங்கே உருவானது. தின்ற ஆற்றலில் ஆறேழு சதவீதம் மீத்தேனாகப் போகிறது என்பதால் உலகம் முழுக்க இப்போது இந்த ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறது. ஹரியானாவின் கர்னாலிலும், ராஜஸ்தானின் அவிகா நகரிலும், நம் காட்டுப்பாக்கத்திலும் இதே வேலை நடக்கிறது.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. அரசு, பல்கலைக்கழகப் பணியிடங்கள் ஆண்டுதோறும் வருவதில்லை. சாண வாடை துணியில் ஒட்டும். சோதனை நடக்கிற வாரத்தில் தீபாவளியும் கிடையாது, தங்கை கல்யாணமும் கிடையாது. புள்ளியியல் வேண்டும், கணக்கைக் கண்டு ஓடுகிறவர்களுக்கு இது ஆகாது.

மகள் மனசு எங்கே என்று நீங்கள் இன்னும் அவளிடம் கேட்கவில்லை. கேளுங்கள், மாமாவும் பெரியப்பாவும் இல்லாத நேரத்தில். "எனக்கு எம்.பி.பி.எஸ்.தான் வேணும்" என்று அவளே சொன்னால், தோட்டத்தைத் தொடாமல் இன்னொரு முறை எழுதட்டும், அது அவள் முடிவு. அவள் சொல்லாததை மற்றவர்கள் அவள் வாயில் வைக்கக் கூடாது.

கலந்தாய்வில் உடுமலையோ நாமக்கல்லோ எது கிடைத்தாலும் சேருங்கள். உணவியல் பாடம் படிப்பின் முற்பகுதியிலேயே வரும். அப்போதே அந்தத் துறை ஆசிரியரிடம் போய் நிற்கச் சொல்லுங்கள். முதுநிலைக்கு இடம் பார்க்கும்போது அவள் கேட்க வேண்டியவை: செரிமானக் கூண்டுகள் எத்தனை ஓட்டத்தில் இருக்கின்றன, குழாய் பொருத்திய மாடு இப்போது உயிரோடு இருக்கிறதா, விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கிறதா, இனிமேல்தான் விண்ணப்பமா. பெரிய விலங்குகளுக்கு அந்த அனுமதி மாதக்கணக்கில் இழுக்கும், அதற்காகக் காத்தே ஒரு பருவத்தை இழக்கிற மாணவர்கள் உண்டு. இதற்கெல்லாம் நேரான பதில் வராத துறையில், எவ்வளவு பெயர் பெற்ற கல்லூரியாக இருந்தாலும், சேர வேண்டாம்.