பத்திரம் எழுதாத தத்து செல்லுமா? மாந்தோப்பு யாருக்கு?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம். 1991-இல், எனக்கு இரண்டு வயதில், பிள்ளையில்லாத பெரியம்மா பெரியப்பாவுக்கு என்னைத் தத்துக் கொடுத்தார்கள். பத்திரம் எதுவும் எழுதவில்லை. அவர்களைத்தான் அம்மா அப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தேன், பெற்றவளைச் சித்தி என்பேன். அப்பா 2017-இலும் அம்மா 2023-இலும் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார்கள். பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்த இரண்டு ஏக்கர் மாந்தோப்புக்கு அவருடைய அண்ணன் மகன்கள் பட்டா மாற்ற மனு கொடுத்திருக்கிறார்கள். "நீ வளர்ப்புப் பிள்ளைதான். பெண்ணைத் தத்தெடுக்கும் வழக்கம் நம்மில் கிடையாது, பங்காளிகளைக் கேட்கவில்லை, ஹோமம் வளர்க்கவில்லை" என்கிறார்கள். பழைய முத்திரைத்தாளில் தத்துப் பத்திரம் தயார் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார், செய்யலாமா? இன்னொன்று, எங்களுக்கும் ஒன்பது வருடமாகக் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, பணம் கொடுத்தால் பிறந்த குழந்தையையே வாங்கித் தருகிறேன் என்கிறார்.

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த முத்திரைத்தாளைத் தொடாதீர்கள். அந்தத் தாள் எந்தத் தேதியில் யார் பெயருக்கு விற்றது என்று தாளிலேயே இருக்கும், குறுக்கு விசாரணையில் அது ஒன்று உடைந்தால் உங்கள் உண்மையான தத்தும் சேர்ந்து பொய்யாகத் தெரியும், போலி ஆவண வழக்கும் வரும். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

உங்கள் பங்காளிகள் சொல்லும் மூன்றும் ஒரு காலத்துச் சட்டம்தான், அவர்களாகக் கட்டிய கதை இல்லை. பழைய இந்து சட்டத்தில் தத்து என்பது கொள்ளி வைக்கவும் பிண்டம் போடவும் ஒரு மகன் வேண்டும் என்பதற்காக எடுத்தது, அதனால் ஆண் பிள்ளையை மட்டும்தான் எடுக்க முடியும். பங்காளி சம்மதம் என்ற பேச்சு விதவைகள் எடுத்த தத்தில் இருந்து வந்தது. ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் 1868-இல் அன்றைய மேல்முறையீடுகளின் கடைசி நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், கணவன் அனுமதி கொடுக்காமல் இறந்திருந்தாலும் அவனுடைய பங்காளிகள் சம்மதித்தால் விதவை தத்தெடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது, அது நம் தமிழ்ப் பகுதியில் நன்றாக வேர்விட்டுவிட்டது. ஹோமம் அன்றைக்கே எல்லாச் சாதிக்கும் கட்டாயமாக இருந்ததில்லை.

இதெல்லாம் 1956 டிசம்பர் 21-ஆம் தேதியோடு முடிந்தது. அன்று நடைமுறைக்கு வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது, பங்காளி சம்மதத்தை எடுத்துவிட்டது, தத்த ஹோமம் யாருக்குமே அவசியமில்லை என்று 11-ஆம் பிரிவில் எழுதியே வைத்தது. பெற்றவர்கள் கொடுத்திருக்க வேண்டும், எடுப்பவர்கள் வாங்கியிருக்க வேண்டும், இந்தக் குழந்தை இனி உங்கள் வீட்டுப் பிள்ளை என்ற எண்ணத்தோடு அது நடந்திருக்க வேண்டும். 1961-இல் உச்ச நீதிமன்றமும் லக்ஷ்மண் சிங் கோத்தாரி வழக்கில் இந்தக் கொடுத்து வாங்குதல்தான் தத்தின் உயிர் என்ற நிலையை எடுத்தது. பதிவுப் பத்திரம் இருந்தால் 16-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் தத்து நடந்ததாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பத்திரம் இல்லையென்றால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். அந்தச் சுமை லேசானது என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் தத்து என்று வந்தாலே நீதிமன்றம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கும், ஆசையாக எடுத்து வளர்ப்பதும் தத்தெடுப்பதும் ஒன்றில்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அந்தக் கறுப்பு வெள்ளை போட்டோவில் பெற்றவள் குழந்தையை நீட்டுகிறார், உங்கள் அம்மா முந்தானையை விரித்து வாங்குகிறார், கீழே வெற்றிலை பாக்குத் தட்டு, பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரையும் தேதியும். அப்புறம் 2014 கல்யாணப் பத்திரிகை. "எங்கள் ஏக புத்திரி" என்று அப்பா அச்சடித்திருக்கிறார், இன்று வழக்குக்கு நிற்கும் அந்தப் பங்காளி அண்ணன்கள் இருவரின் பெயரும் அதிலேயே இருக்கிறது. மொய் நோட்டில் அவர்கள் எழுதிய வரியும் இருந்தால் எடுத்து வையுங்கள். பல வருடம் மகளாகவே நடத்தப்பட்ட பழைய தத்துக்கு நேரடி சாட்சி குறைவாக இருந்தாலும் அந்த நடத்தைக்கு மதிப்புண்டு, 1970-இல் தேவி பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை அது. உங்களுக்கோ நேரடி சாட்சியே இருக்கிறார், சித்தி. பிறப்புச் சான்றில் பெற்ற தகப்பன் பெயர் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பிறந்தபோது அவர்தானே தகப்பன். பள்ளிச் சான்றில் தர்மபுரி மாவட்டம் என்றிருப்பதும் தவறில்லை, கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததே 2004-இல்தான்.

அவர்கள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் மகள் என்றால் அப்பாவின் சொத்தில் பாதி நேராக உங்களுக்கு, அம்மாவுக்குப் போன பாதியும் அவருக்குப் பின் உங்களுக்கு. மகள் இல்லை என்று ஆகிவிட்டால், கணவன் வழியில் வந்த சொத்து கணவனின் வாரிசுகளுக்கே திரும்பும் என்ற இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு விதியால் தோப்பு முழுவதும் அவர்களுக்குப் போய்விடும். நடுவில் எதுவும் கிடையாது.

இந்த வாரமே தாசில்தாரிடம் ஆட்சேப மனு கொடுங்கள். தத்து செல்லுமா என்பதை அவர் தீர்மானிக்க முடியாது, அதனால் நீங்கள் மகள் என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகை கேட்டும், தோப்பை விற்கக்கூடாது என்று உறுத்துக்கட்டளை, அதாவது தடை உத்தரவு கேட்டும் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். பிராதில், அதாவது வழக்கு மனுவில், "அப்பா, அம்மாவின் சம்மதத்தோடு தத்தெடுத்தார்" என்றே எழுதச் சொல்லுங்கள். 1991-இல் கல்யாணமான பெண் தன் பெயரில் தத்தெடுக்க முடியாது, அந்த உரிமை 2010 திருத்தத்தில்தான் வந்தது. "அம்மா தத்தெடுத்தார்" என்று ஒரு வரி தவறாக விழுந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

குழந்தை விஷயத்தில் என் மனசு கேட்கவில்லை, கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்த அம்மா சொல்வது தத்து இல்லை, விற்பனை. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்து ஆண்டு வரை சிறை, ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்தால் ஏழு ஆண்டு வரை. உங்கள் கையில் வந்த குழந்தையை ஒருநாள் போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போகும், அதை உங்களால் தாங்க முடியாது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் நம் பழைய தர்மபுரி மாவட்டத்துக்கும் வந்தது, அந்தத் தொட்டிலில் விடப்பட்ட பிள்ளைகள் முறையாகத் தத்துப் போய் நல்ல வீடுகளில் வளர்ந்தார்கள். நீங்களும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்க் கேளுங்கள், மத்திய தத்து ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து தருவார்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், காத்திருக்க வேண்டும், வருடக்கணக்கில்கூட ஆகலாம். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையைக் கலெக்டரே போடுகிறார், கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. சொந்தத்தில் யாராவது மனசார ஒரு பிள்ளையைக் கொடுத்தால் 1956 சட்டப்படியே எடுக்கலாம், அப்போது பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

சித்திக்கு எழுபது வயது என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்குப் போட்ட கையோடு அவருடைய சாட்சியத்தை முன்கூட்டியே பதிவு செய்ய மனுப் போடச் சொல்லுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது போனில் இருக்கும் படம் போதாது, அந்த அசல் போட்டோவை எடுத்துக்கொண்டு போங்கள்.